மச்சான் முகம் தெரியாத போன்கள்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மேற்குத் தோட்டத்துப் போர்வெல். முப்பத்தெட்டு பைப் மேலே ஏற்றி, திரும்ப இறக்கினோம். மோட்டாரில் குறை இல்லை. கேபிள் ஓர் இடத்தில் நசுங்கியிருந்தது.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. யார் போரில் எத்தனை பைப், எந்த ஆழத்தில் தண்ணீர் என்று குறித்து வைக்கத்தான் வாங்கினேன். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் தூக்குவது என் வேலை. படித்தது மூன்றாம் வகுப்பு. மிச்ச எழுத்தெல்லாம் பஸ் போர்டிலும் சுவர் விளம்பரத்திலும் பொறுக்கியது. பைப் கணக்கு ஒரு வரிதான் வரும். மீதிப் பக்கம் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது, ஏதாவது எழுதிவிடுவேன். வீட்டில் மாயக்காளுக்கு எழுத்து வராது. அதனால் ஒளித்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சாயங்காலம் டவுன் அச்சகத்தில் யோகிதாவின் காதுகுத்துப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவோம். மூன்றில் மழை இல்லை. ஐந்தில் என் தாயார் தவறிவிட்டார். இப்போது ஏழு. இதையும் விட்டால் ஒன்பதுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் வெறுங்காது என்று கேலி செய்கிறார்களாம்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பத்திரிகை போடுவது ஜெசிந்தா என்ற பெண். சாமி படம் கொடுத்தேன், யோகிதா படம் கொடுத்தேன். தாய்மாமன் இடத்துக்கு இரண்டு படம் கொடுத்தேன். ஒன்று என் மச்சான் பவுன்ராசு. இன்னொன்று போர்வண்டி முதலாளி காசிராசன். "ரெண்டு எதுக்குண்ணே?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

டிசைன் பார்த்தேன். நன்றாக இருந்தது. ஜெசிந்தா ஒன்று கேட்டாள், நான் ஒன்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலையில் மாயக்காள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அண்ணே படத்தை நடுவுல பெருசாப் போடச் சொன்னீங்கள்ல?"

"சொல்லாம இருப்பேனா?"

"மீச தெரியுற மாதிரி இருக்கணும். எங்க அப்பாரு மீச அது."

அவளுக்கு அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தது அந்த அண்ணன் ஒருவர்தான். இவளுக்குப் பத்து வயதில் அவர் கையில் பிடித்துக்கொண்டு தீவட்டி வெளிச்சத்தில் தெருக்கூத்துப் பார்க்கக் கூட்டிப் போனதை இன்றைக்கும் ஐம்பது தடவை சொல்லுவாள். அந்தக் கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் பாதியில் தூங்கிவிட்டார், தவம் செய்ய ஏறிய தவசுமரத்தின் மேலேயே. அது தனிக் கதை.

வேலை முடிந்து மறுபடி டவுனுக்குப் போனேன். அச்சகத்தில் சின்ன மாற்றம் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பத்திரிகை போனில் வந்துவிட்டது. பிடிஎஃப் என்கிறார்கள். அச்சடித்தது வர இன்னும் நாலு நாள் ஆகும். நடுவில் மச்சான் படம், மீசையோடு, கீழே "தாய்மாமன் மு. பவுன்ராசு, நடத்துனர்". மாயக்காள் போனை வாங்கி அண்ணன் முகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றின கை பட்டு படம் நகர்ந்து சாமி மேலே போய்விட்டது. யோகிதா சிரித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். தாய்மாமனுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்து முதல் பத்திரிகையை நேரில் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். நான் 'சொந்தபந்தம்' குரூப்பில் போட்டுவிட்டேன். அதில் நூற்று நாற்பது பேர். மச்சானும் இருக்கிறார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இரண்டு போர் வேலை இருந்தது. ஒன்றுக்கும் போகவில்லை.

மத்தியானம் மச்சான் தங்கைக்குப் போன் போட்டார். அவர் பேசியது எனக்கு வாசல் வரை கேட்டது.

"மாயா, எம் பேரைப் போட்டு எவனோ ஒருத்தன் மொகத்தைப் போட்டிருக்கீகளே, எனக்கு மொகம் இல்லையா? பஸ்ஸுல டிரைவரு காட்டுறாரு. என்னய்யா, ஒம் பேருக்கு மேல வேற ஆளு நிக்கிறான்னு பஸ்ஸே சிரிக்குது!"

"இல்லண்ணே! ஒங்க படந்தான் இருக்கு. நாங் கண்ணால பாத்தேன்."

"அப்ப எனக்குக் கண்ணு இல்லையா?"

வைத்துவிட்டார். மாயக்காள் எங்கள் போனைத் திறந்து காட்டினாள். மச்சான் அப்படியே மீசையோடு இருக்கிறார். பிறகு மச்சான் தன் போனிலிருந்து படம் எடுத்து அனுப்பினார். அதில் தாய்மாமன் இடத்தில் காசிராசன் இருக்கிறார், கூலிங் கிளாஸோடு.

"இது ஒங்க மொதலாளிதான?" என்றாள்.

அவர் மாதிரிதான் இருக்கிறது என்றேன்.

"அவரு எப்படி இதுக்குள்ள வந்தாரு?"

போன் கோளாறு என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை என்றால் எடுத்தவுடன் மோட்டாரைத் தூக்கக் கூடாது. முதலில் மெயின் பார்க்க வேண்டும். பிறகு ஸ்டார்ட்டர், அதன் பிறகு கேபிள். இத்தனையும் சரி என்றால்தான் முப்பத்தெட்டு பைப்பைக் கழற்ற வேண்டும். இதே முறையில் ஊரில் ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்தேன்.

பால் சொசைட்டி செயலாளர் போன்: மச்சான்.
ரேஷன் கடைக்காரம்மா: காசிராசன்.
மளிகைக் கடை முத்துவேல்: மச்சான். அவருடைய இன்னொரு போன்: காசிராசன்.
பள்ளிக்கூடத்து டீச்சர்: மச்சான். அதே டீச்சர் வேறு எதையோ அமுக்கித் திறந்தார்: காசிராசன்.

ஒரே போனில் இரண்டு ஆள்! மெயினும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை.  டீக்கடை வீரணன் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒச்சப்பண்ணே, யாரு பெரிய சீரு கொண்டாராகளோ அவுக மொகம் வருமோ?"

"ஓம் போனைக் காட்டுறா."

"எம் போன்ல பாட்டுதான் வரும். மொகமே வராது. அதுல ரெண்டு பேரும் சண்ட போட மாட்டாக."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். டீச்சர் போனை விட்டால் மொத்தம் பதினேழு போன். பத்தில் மச்சான், ஏழில் முதலாளி.

ஆகஸ்ட் 28, புதன்

அச்சகத்துக்குப் போனேன். ஜெசிந்தா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் பத்திரிகை ஒரே தாள் இல்லையாம். கண்ணாடித் தாளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி இருக்குமாம். லேயர் என்கிறாள். ஒரு தாளில் சாமி, ஒரு தாளில் எழுத்து, ஒரு தாளில் மச்சான், அதற்கு மேல் தாளில் காசிராசன். வேண்டாத தாளைக் கிழிக்காமல் மறைத்து வைக்கலாமாம். சில போன் 'மறைத்திருக்கிறார்கள், நமக்கெதற்கு' என்று மதித்து விட்டுவிடும். சில போனுக்கு அந்த மரியாதை தெரியாது. உள்ளே இருப்பதை எல்லாம் அப்படியே காட்டிவிடும். மேல் தாளில் காசிராசன் இருப்பதால் அடியில் உள்ள மச்சான் தெரிய மாட்டார்.

"அப்ப போன் மேலதான் தப்பு," என்றேன்.

"எம் மேலயும் தப்புத்தாண்ணே. நீங்க மறுபடி மாத்தச் சொன்னப்ப நா அந்தப் படத்தை அழிச்சிருக்கணும். நீங்க திரும்பவும் மாத்துவீங்களோன்னு மறைச்சு மட்டும் வெச்சேன்."

"மறுபடி மாத்தச் சொன்னேன்னு எங்க வீட்டுல யாரும் கேட்டா சொல்லாத தாயி."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு காசிராசனை அழித்துவிட்டுப் புதுப் பத்திரிகை ஒன்று அனுப்பினாள். எந்தப் போனில் திறந்தாலும் மச்சான்தான். அதைக் குரூப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

போட்டிருக்கக் கூடாது. இப்போது எல்லோரிடமும் இரண்டு பத்திரிகை இருக்கிறது. எது முதலில் வந்தது என்று மணியைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அச்சடித்த பத்திரிகை வந்துவிட்டது. தட்டு வைத்து மச்சான் ஊருக்குப் போனோம். மாயக்காள் புதுச்சேலை. யோகிதா பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். புளியம்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

மச்சான் வாசலில் வந்து "வாங்க மாப்ள" என்றார். அந்த 'வாங்க'வில் ஒன்றும் குறை இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள். யோகிதாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தட்டை மட்டும் கையில் வாங்கவில்லை.

மாயக்காள் பத்திரிகையைப் பிரித்துக் காட்டினாள். "பாருங்கண்ணே. இதுல எந்தப் போனும் இல்ல. தாளு. ஒங்க மொகந்தான் இருக்கு."

"இருக்கும் ஆத்தா. நாஞ் சத்தம் போட்டப்பறம் அடிச்சது."

"இல்லண்ணே, அன்னைக்கே அடிக்கக் கொடுத்தது."

"நீ சொல்றதை நா நம்புறேன். நீ கண்ணால பாத்ததைத்தான் சொல்லுவ." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க மாப்ள. எம் பேருக்கு மேல அந்தாளு எப்படி வந்தாரு? நா கண்டக்டரு. டிக்கெட்டு தானா கிழியாதுன்னு எனக்குத் தெரியும். எவனோ கிழிச்சாத்தான் கிழியும்."

நான் லேயர் பற்றிச் சொன்னேன். கண்ணாடித் தாள், மறைக்கிற தாள், மரியாதை தெரிந்த போன், தெரியாத போன், எல்லாம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். மச்சான் கடைசி வரை கேட்டார்.

"சரி. மறைக்கணும்னா மொதல்ல வெக்கணும்ல? யாரு வெச்சா?"

 தாள் எப்படி மறைந்தது என்று எவ்வளவு வேண்டுமானாலும் சொல்ல முடிகிறது. யார் வைத்தது என்று வந்துவிட்டால் வாய் திறக்கவில்லை. அச்சகத்தில் ஏதோ கைத்தவறு என்றேன்.

"அச்சகத்துக்காரனுக்கு ஒங்க மொதலாளி படம் எப்படிக் கெடச்சது?"

தட்டை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் மாயக்காள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேங்காய் உருண்டு உருண்டு என் காலில் இடித்துக்கொண்டே வந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலனிப் போர். அறுபத்து இரண்டு பைப். தண்ணீர் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மச்சான் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு கீழத்தெருவில் ஒரு புதுமனை விழா. சித்திரை பதினாறு, வெள்ளிக்கிழமை. பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த வாத்தியார் ஒருவர் "இவுக யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். மச்சான் "நம்ம தங்கச்சி மாப்பிள்ளைதான். கெணத்துக்குள்ள பாக்கத் தெரிஞ்ச அளவுக்கு வெளிய பாக்கத் தெரியாத மனுசன்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். சிரித்தவர்கள் ஒன்பது பேர். சாம்பார் ஊற்ற வந்தவனையும் சேர்த்தால் பத்து. அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

காசிராசன் அப்படிப் பேச மாட்டார். போர்வண்டி வைத்திருக்கிறவர். எந்த ஊரில் போர் போட்டாலும் "மோட்டாரு எறக்க ஒச்சப்பனைக் கூப்புடு" என்பார். அவர் படத்தைப் பத்திரிகையில் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று யாருக்கும் தோன்றலாம். தோன்றியதை எல்லாம் மனுஷன் செய்துவிடுவதில்லை. செய்தாலும் மறுநாளே மாற்றிவிடுகிறான்.

வீட்டில் மாயக்காள் சமைக்கிறாள், பரிமாறுகிறாள். தனக்குப் போட்டுக்கொள்வதை நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

காசிராசன் போன் போட்டார். யாரோ பத்திரிகையை அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள், அவர் போனில் அவர்தான் தெரிகிறாராம்.

"ஒச்சப்பா! என்னைத் தாய்மாமனாக்கிட்டியேப்பா! எங்க வீட்டம்மா கண் கலங்கிருச்சு. எங்களுக்குத்தான் கூடப் பொறந்த பொம்பளப் புள்ள இல்லையே. பேரு மட்டும் ஏதோ தப்பா அடிச்சிருக்கான். அதை விடு. நா சீரோட வாரேன்."

"அண்ணே, அது வந்து... போன் கோளாறு."

"கோளாறா இருந்தா என்னப்பா, நல்ல கோளாறு!"

வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? சரி அண்ணே, சரி அண்ணே என்று பதினாறு தடவை சொன்னேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

சொந்தபந்தம் குரூப்பிலிருந்து மச்சான் விலகிவிட்டார். அவர் வீட்டுப் பக்கத்து ஆட்கள் பதினொரு பேர் கூடவே விலகினார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாயக்காள் இன்று வாய் திறந்தாள்.

"அண்ணே வரலைன்னா விழா வேணாங்க."

"பந்தலுக்குச் சொல்லியாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு."

"எம் புள்ளைய எவன் மடியில ஒக்கார வெப்பீங்க? மாமன் உசுரோட இருக்கையில மாமன் மடி இல்லாமக் காது குத்துனா ஊரு என்ன சொல்லும்? அண்ணன் தங்கச்சி ஒறவு அத்துப் போச்சுன்னு சொல்லும். ஒம்போது வயசுல பாத்துக்கலாம்."

"ஒம்போதுல மட்டும் வருவாரா?"

கேட்டிருக்கக் கூடாது. எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நான் இங்கிருந்தே பார்த்தேன், மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். அந்த மாடும் மச்சான் கல்யாணச் சீராகக் கொடுத்த பசுவின் வழி வந்ததுதான், நாலாவது தலைமுறை.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, மச்சானிடம் எல்லாம் உன் கைத்தவறு என்று ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன்.  "நீங்களே போய்ச் சொல்லுங்கண்ணே. ஒங்க மச்சான்தான?" என்றாள்.

செப்டம்பர் 11, புதன்

தனியாகப் போனேன். வீட்டுக்குப் போகவில்லை. மச்சான் வேலை பார்க்கிற பஸ்ஸில் ஏறினேன். அந்த பஸ் மலையடிவாரத்துக் கடைசி ஸ்டாப் வரை போய், அங்கே இருபது நிமிஷம் நின்று திரும்பும். மச்சான் என்னிடம் வந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். மற்ற நாளில் அவரே தன் கைக்காசைப் போட்டு எடுத்துக் கொடுப்பார். இன்று கையை நீட்டினார், நான் கொடுத்தேன்.

கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் டீ குடிக்கப் போனார். மச்சான் எனக்கு முன் சீட்டில், திரும்பி என்னைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார். அங்கே ஒரு மரத்தில் குரங்குக் கூட்டம். ஒரு குரங்கு பஸ் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து உள்ளே பார்த்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க மாப்ள."

"மச்சான், அது போன்..."

"போனை விடுங்க. எம் மக காலேஜுல படிக்குதுல்ல, அந்தப் பத்திரிகைய லேப்டாப்புல தொறந்துச்சு. நீங்க சொன்னீகளே தாளு தாளா இருக்கும்னு, அது நெசந்தான். ஓரத்துல வரிசையா ஒவ்வொரு தாளுக்கும் பேரு போட்டிருக்கு. டிசைன் போட்ட ஆளு தனக்கு அடையாளத்துக்காகப் போட்டது போல. சாமி படம்னு ஒண்ணு. பாப்பா படம்னு ஒண்ணு. அப்பறம், 'காசிராசன் சார் பெருசா.' அதுக்குக் கீழ, 'மாமன் படம், வேணாம்னுட்டாரு.'"

குரங்கு போய்விட்டது. பார்க்க வேறு எதுவும் இல்லை.

"யாரு வேணாம்னா மாப்ள?"

நான்தான் என்றேன். நான்தான் வேண்டாம் என்று சொன்னேன். சொன்ன பிறகு மறுநாளே உங்கள் படத்தையே வைக்கச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"தெரியுது. அதான் உள்ள ரெண்டும் இருக்கு." பையிலிருந்து சில்லறையை எடுத்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார். "ஏன்னு கேக்க மாட்டேன். கேட்டா நா எப்பயோ பேசுன ஒரு பேச்சைச் சொல்லுவீக. நா பேசியிருப்பேன். எனக்கு வாய் நீளம்."

மன்னிச்சிருங்க மச்சான் என்றேன். அவர் அதைக் கேட்ட மாதிரிக் காட்டவில்லை.

"நா வாரேன். எந் தங்கச்சி மகளுக்கு எம் மடியிலதான் காது குத்தணும். ஆனா ஒண்ணு. மாயாவுக்கு இது தெரியக் கூடாது. அவ இத்தன நாளும் ஒங்களுக்காகப் போன்ல எங்கிட்டச் சண்ட போட்டுருக்கா. எம் புருசன் அப்படிச் செய்ய மாட்டாருன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணா. தெரிஞ்சா அவளுக்குப் பொறந்த எடமும் இல்ல, பூந்த எடமும் இல்ல. போன் கோளாறுன்னே இருக்கட்டும்."

"நானே சொல்லிறட்டுமா மச்சான்? மனசு..."

"ஒங்க மனசு லேசாகணும்னு அவ மனசுல கல்லத் தூக்கி வெக்காதீக."

டிரைவர் வந்து ஆரன் அடித்தார். திரும்பி வரும்போது மச்சான் என்னிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

மச்சான் தங்கைக்குப் போன் போட்டு வருவதாகச் சொன்னார். மாயக்காள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். ஊறுகாயை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். என்னைப் பார்த்து, "நாஞ் சொன்னேன்ல, எல்லாம் அந்தப் போன் செஞ்ச வேலைன்னு? அண்ணனே வெசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாக" என்றாள்.

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

விழா நல்லபடியாக முடிந்தது. மச்சான் மேளத்தோடு வந்தார். ஐம்பத்தோரு தட்டு. கடைசித் தட்டில் தோடு. மனையில் உட்கார்ந்து யோகிதாவை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கன்னத்தைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தார். ஆசாரி ஒரு குத்து. யோகிதா போட்ட சத்தத்தில் மேளக்காரரே நிறுத்திவிட்டார். மாமன் மீசையைப் பிடித்து இழுத்தாள். இரண்டாவது காதுக்கு இன்னும் பலமாக இழுத்தாள். மச்சான் கண்ணில் தண்ணீர். மீசை வலித்ததாலா என்று தெரியவில்லை.

காசிராசன் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மச்சானே போய் அவருக்குச் சந்தனம் கொடுத்து, "நீங்கதான அந்த இன்னொரு தாய்மாமன்?" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னால் அந்தப் பக்கம் நிற்க முடியவில்லை.

மச்சான் பந்தியில் உட்கார்ந்தார். நான்தான் இலை போட்டேன். சாப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மோர் கேட்கும்போதுகூட இலையைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஜெசிந்தாவையும் அழைத்திருந்தேன். வந்திருந்தாள், கையில் ஒரு டிபன் பாக்ஸ் பரிசோடு. மாயக்காள் அவளை யாரென்று தெரிந்துகொண்டு, அத்தனை பேர் முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"நீதானா அந்தக் கம்ப்யூட்டரு? ஒன்னால எங்கண்ணன் பதினஞ்சு நாளு எங்கூட மொகங் குடுத்துப் பேசல தெரியுமா? ஊரான் மொகத்தைக் கொண்டாந்து எங்கண்ணன் பேருக்கு மேல ஒட்டுனியே, ஒரு தடவ பாத்து அனுப்ப மாட்டியா? வாங்குற சம்பளத்துக்குக் கண்ணு வேணாமா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் மோர்ப் பானை தீர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். பந்தல் தட்டிக்குப் பின்னால் இருந்து கேட்டது.

"ஆமாக்கா. எங் கைத்தப்புத்தான். மன்னிச்சுக்கங்க."

அவள் சாப்பிடாமல் போய்விட்டாள். பானையில் மோர் பாதிக்கு மேல் இருந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. பந்தல் பிரித்தார்கள். சாயங்காலம் மாயக்காள் மீந்த தேங்காயைத் துருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சின்னதாகப் பாட்டுக்கூட வந்தது.

நான் டைரியை எடுத்ததைப் பார்த்துவிட்டு, "நேத்து விழாவப் பத்தி எழுதியிருக்கீங்களா?" என்றாள்.

"ம்."

"வாசிங்களேன். கேப்போம்."

இதுவரை அவள் அப்படிக் கேட்டதில்லை. பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். விழா நல்லபடியாக முடிந்தது என்றேன். மச்சான் மேளத்தோடு வந்தார், ஐம்பத்தோரு தட்டு என்றேன். மீசையைப் பிடித்து இழுத்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, மச்சான் என் தோளில் கை போட்டு "சாப்பாடு பிரமாதம் மாப்ள" என்றார் என்று வாசித்தேன். ஜெசிந்தா வயிறார விருந்து சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனாள் என்று வாசித்தேன்.

"அதையுமா எழுதியிருக்கீங்க? நல்ல மனசு ஒங்களுக்கு. நாந்தான் நேத்து ரொம்பப் பேசிட்டேன் அந்தப் புள்ளைய."

யோகிதா எப்போது என் முதுகுக்குப் பின்னால் வந்தாள் என்று தெரியாது. காதில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் மணந்தது. என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு பக்கத்தில் விரலை ஓட்டினாள்.

"அப்பா, தோள்ல கை போட்டாருன்னு எங்க இருக்கு?"

"இருக்கு கண்ணு. போய் வெளாடு."

"இல்லப்பா. இங்க 'என் மு-க-த்-தை-ப் பா-ர்-க்-க-வி-ல்-லை'ன்னுல்ல இருக்கு."

மாயக்காள் துருவுவதை நிறுத்தினாள். நான் டைரியை மூடியிருக்கலாம். மூடவில்லை. யோகிதா கட்டாயம் கிடைக்கப்போகிற பாராட்டுக்காக அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்மா. டீச்சர் சொல்லிக் குடுத்துட்டாங்க."

"அப்படியா?" என்றாள் மாயக்காள். என்னைப் பார்க்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, யோகிதாவை இழுத்துத் தன் மடியில் உட்கார வைத்தாள். என் கையிலிருந்து டைரியை வாங்கி அவள் கையில் கொடுத்தாள்.

"காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த நாள்லேர்ந்து வாசி தாயி. மெதுவா வாசி. அம்மாவுக்கு அவசரமில்ல."

இரண்டாம் வகுப்புப் பிள்ளை. ஒரு வரிக்கு ஒரு நிமிஷம் எடுத்தாள். முப்பத்தெட்டு பைப் என்பதைத் தாண்டவே நேரமாயிற்று. இப்படியே போனால் மலையடிவாரத்து ஸ்டாப்புக்கு வந்து சேர எப்படியும் விளக்கு வைத்துவிடும். நான் எழுந்து போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, பிள்ளைக்குத் தெரியாத எழுத்து வந்தபோதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.